விண்டோஸ் 11க்கு மாறியபின் 128 பஃபரில் வெடிப்புச் சத்தம்: இயங்குதளமே தாமதத்தைக் கூட்டுகிறதா?

பாட்டுமேசை:

வணக்கம். மடிக்கணினியை விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11 24எச்2க்கு மாற்றியிருக்கிறேன். புதிதாக நிறுவவில்லை, இருந்ததன் மேலேயே அப்கிரேட். இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ரீப்பர் (ஒலிப்பதிவு மென்பொருள்), புராஜெக்ட் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 2 உள்ளீடு கொண்ட யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், அதைத் தயாரித்தவர்களின் ஏசியோ டிரைவர், 48 கிலோஹெர்ட்ஸ். முன்பு பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிள். உள்ளே வெளியே இரண்டும் சேர்த்து மென்பொருள் காட்டிய தாமதம் 8.6 மில்லி செகண்ட். இப்போது 128இல் சில நொடிகளுக்கு ஒருமுறை பட் பட்டென்று வெடிக்கிறது. 256இலும் அவ்வப்போது உண்டு. 512 வைத்தால்தான் நிற்கிறது, ஆனால் தாமதம் 24.6 ஆகிவிடுகிறது. வாய்ப்பாட்டும் கிட்டாரும் பதிகிறேன். இந்தத் தாமதத்தில் ஆம்ப் பிளகின் (ஆம்ப்ளிஃபயர்போல் ஒலிக்கச் செய்யும் துணை மென்பொருள்) வழியாகக் கிட்டார் வாசித்தால் தாளம் நிற்கவில்லை.

விண்டோஸ் 11 தானாகவே தாமதத்தைக் கூட்டுகிறதா? 10 நாள் கெடு முடியுமுன் பழையதற்கே திரும்பிவிடலாமா?

நொடிக்கணக்கன்:

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும்போது, 128 சாம்பிள் என்றால் 2.67 மில்லி செகண்ட். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஆக 5.3. உங்களுக்குக் காட்டியது 8.6. மீதி 3.3 டிரைவர் வைத்துக்கொள்ளும் யுஎஸ்பி சேமிப்பும், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர்களின் நேரமும். இப்போது 512ஐப் போட்டுப் பாருங்கள்: 10.67 இரண்டு முறை, 21.3. காட்டுவது 24.6. மீதி அதே 3.3.

அதாவது இயங்குதளம் தாமதத்தைக் கூட்டவே இல்லை. ஏசியோ டிரைவர் விண்டோஸின் ஒலிக் கலவையைச் சுற்றிக்கொண்டு நேரே கருவியோடு பேசுகிறது. அந்தப் பாதை பழையபடியே இருக்கிறது. மாறியிருப்பது வேறு: ஒவ்வொரு 2.67 மில்லி செகண்டுக்குள்ளும் ஒலித் துண்டைத் தயார் செய்து கொடுக்க வேண்டிய வேலையை ஏதோ ஒன்று குறுக்கே நின்று பிடித்து வைக்கிறது. துண்டு நேரத்துக்கு வராவிட்டால் அந்த இடம் காலி. அதுதான் உங்களுக்குக் கேட்கும் வெடிப்பு.

குறுக்கே நிற்பது பெரும்பாலும் வேறொரு டிரைவர். வைஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி மேலாண்மை போன்றவை ‘டிபிசி’ எனும் அவசர வேலைகளை அனுப்பும். சிப்பின் ஒரு கோரில் (கணக்கிடும் பகுதி) அது ஓடி முடியும்வரை அந்தக் கோரில் இருக்கும் ஒலி வேலை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் மென்பொருளுக்கு எவ்வளவு முன்னுரிமை கொடுத்தாலும் டிபிசியை முந்த முடியாது. அப்கிரேட்டின்போது விண்டோஸ் இந்த டிரைவர்களில் சிலவற்றைத் தன்னிடமுள்ள வேறு பதிப்பால் மாற்றிவிடும். மின்சார அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடலாம்.

கண்டுபிடிக்க லேட்டன்ஸிமான் என்ற அளக்கும் மென்பொருள் போதும். சார்ஜர் செருகி, ரீப்பரில் 128 வைத்து, புராஜெக்டை ஓடவிட்டு 10, 15 நிமிடம் அளக்கவும். முதல் பக்கத்தில் வரும் பச்சை, சிவப்புத் தீர்ப்பை நம்ப வேண்டாம். ‘டிரைவர்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘ஹையஸ்ட் எக்ஸிக்யூஷன்’ வரிசையில் அடுக்குங்கள். 1 மில்லி செகண்டைத் தாண்டுவது எதுவோ அதன் பெயரைச் சொல்லுங்கள். 2.67க்குள் முடிக்க வேண்டிய வேலையில் 1 போய்விட்டால் பிளகின்களுக்கு மிஞ்சுவது சொற்பம்.

என்டிஐஎஸ் வந்தால் வைஃபை அல்லது ஈத்தர்நெட். என்வி என்று தொடங்கும் கோப்பு என்விடியா கிராஃபிக்ஸ். ஏசிபிஐ வந்தால் பேட்டரி நிலையை அடிக்கடி கேட்பது. டிவைஸ் மேனேஜரில் ‘ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி’யை முடக்கிச் சோதிக்கலாம். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள், முடக்கினால் சார்ஜ் தீர்வதற்கான எச்சரிக்கை வராது. டபிள்யூடிஎஃப்01000 என்று வந்தால் அது குற்றவாளி இல்லை. பல டிரைவர்கள் ஏறிப்போகும் பொதுவண்டி. கருவிகளை ஒவ்வொன்றாக முடக்கித்தான் உள்ளே யார் என்று பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து, குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் இருபது ‘ட்வீக்’குகளை ஒரே மாலையில் போட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

கருவிப்பெட்டி:

மேலே சொன்ன கணக்கு சரி. அதோடு டிரைவர் உண்மையில் அதேதானா என்றும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் இன்டர்ஃபேஸின் பெயரில் வலது சொடுக்கு, ‘ப்ராப்பர்டீஸ்’, ‘டிரைவர்’. அங்கே ‘ப்ரொவைடர்’ என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் என்று இருந்தால் பொது யுஎஸ்பி ஆடியோ 2 டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. அது விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில், 2017இல் வந்தது. சத்தம் வரும், ஆனால் தயாரிப்பாளரின் ஏசியோ வேலை செய்யாது. ஏசியோ4ஆல் போட்டு ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அது விண்டோஸ் டிரைவரின் மேல் போட்ட போர்வை. கருவிக்கென்று சொந்த ஏசியோ இருக்கும்போது அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

பழைய இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, ‘கோர் ஐசொலேஷன்’ என்று போனால் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இருக்கும். அது இயங்கும்போது ஒவ்வாத பழைய டிரைவர்கள் ஏறாது. பலர் அதை அணைத்துவிடச் சொல்கிறார்கள். முதலில் தயாரிப்பாளரின் புதிய டிரைவரைத் தேடுங்கள். இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியில் அந்தக் காவலை எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

பழையதற்குத் திரும்புவது பற்றி: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. உங்கள் 12ஆம் தலைமுறை சிப்பில் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை இருக்கின்றன. எந்த வேலையை எதில் போடுவது என்பதை விண்டோஸ் 11தான் நன்றாகக் கையாளுகிறது. இந்தக் கணினிக்குத் திரும்பிப் போவது லாபமில்லை.

பாட்டுமேசை:

அளந்துவிட்டேன். டிரைவர் தயாரிப்பாளருடையதேதான். என்டிஐஎஸ் 1.86 மில்லி செகண்ட். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கி மறுபடி அளந்தால் மிக அதிகமானதே 0.21தான், 128இல் வெடிப்பும் இல்லை. மிக்க நன்றி!

இன்னும் இரண்டு மிச்சம். சார்ஜர் செருகினால் கிட்டாரில் ஹம் வருகிறது. அதனால் பதியும்போது சார்ஜரைக் கழற்றுவது வழக்கம். இப்போது கழற்றினால் வெடிப்பு திரும்ப வருகிறது. அடுத்து, பிரவுசரில் தம்பூரா செயலியைத் திறந்தால் ரீப்பர் நின்றுவிடுகிறது.

நொடிக்கணக்கன்:

வைஃபைக்கு நிரந்தர வழி: மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விண்டோஸ் 11க்கான வைஃபை டிரைவரை இறக்கி நிறுவி, மறுபடி அளப்பது. ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் அப்கிரேட்டுக்குப் பின் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். புதிய டிரைவரிலும் 1ஐத் தாண்டினால் பதியும்போது மட்டும் முடக்கிவிடுங்கள். ஏரோப்ளேன் மோடு பல நேரம் போதும். ஆனால் அது ரேடியோவை நிறுத்துகிறதே ஒழிய டிரைவரை இறக்குவதில்லை.

மூன்றாம்முள்:

ஹம் பிரச்சினையையும் பேட்டரிப் பிரச்சினையையும் தனித்தனியாகப் பாருங்கள், மூலம் வேறு வேறு.

சார்ஜரைக் கழற்றியதும் விண்டோஸ் 11 வேறு பவர் மோடுக்குப் போகிறது. ‘செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி’யில் செருகியிருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஒன்று என்று பவர் மோடு இரண்டாக இருக்கும். இரண்டையும் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். அதே பக்கத்தில் ‘எனர்ஜி சேவர்’ குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே தானாக இயங்காதபடி ‘நெவர்’ வைக்கவும். மின்வெட்டு வரும் ஊரில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே செய்து வைப்பது நல்லது, பாதிப் பாட்டில் கரண்ட் போனால் அந்த டேக்கும் (அந்த முறை பதிந்ததும்) போய்விடும்.

அடுத்து யுஎஸ்பி. டிவைஸ் மேனேஜரில் ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ ஒவ்வொன்றிலும் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேரடித் துளையில் செருகுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கோடு ஒரே ஹப்பைப் பகிர்ந்தால் கோப்பு நகலாகும் நேரத்தில் வெடிப்பு வருவது சாதாரணம்.

இனி ஹம். 2 முள் சார்ஜர், அல்லது 3 முள் இருந்தும் சுவர்ச் சாக்கெட்டில் எர்த் இல்லை. இதுதான் பெரும்பாலும் காரணம். மடிக்கணினியின் உலோகப் பகுதியைப் புறங்கையால் தடவினால் விறுவிறுவென்று இருந்தால் இதுவேதான். சாக்கெட்டில் எர்த் உண்மையில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பிறகு எர்த் உள்ள 3 முள் சார்ஜர், மடிக்கணினி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். ஹம்முக்காக 3 முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டச் சொல்லும் யோசனை வந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். கையில் கிட்டார்க் கம்பி, வாயருகே மைக் என்றிருக்கும்போது அது உயிருக்கு ஆபத்து.

கருவிப்பெட்டி:

தம்பூரா பற்றி. பிரவுசரின் ஒலி விண்டோஸ் கலவை வழியாக இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. விண்டோஸ் பக்கம் 44.1, ரீப்பர் பக்கம் 48 என்று இருந்தால் இன்டர்ஃபேஸில் ஒரே கடிகாரம்தான் உண்டு, இரண்டில் ஒன்றுதான் வெல்லும். சில டிரைவர்கள் ரீப்பரை நிறுத்திவிடும். சில டிரைவர்களில் நிற்காமல், வேறு வேகத்தில் ஓடும். அது இன்னும் மோசம். 44.1இல் பதிந்தது 48இல் ஓடினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். 1 கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் 2 கட்டைக்கும் நடுவே, எந்தச் சுருதியிலும் சேராமல் நிற்கும்.

‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, இன்டர்ஃபேஸின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘டீஃபால்ட் ஃபார்மட்’டை 48000 ஆக்குங்கள். ப்ளேபேக், ரெக்கார்டிங் இரண்டிலும் செய்ய வேண்டும். இதைவிட நல்ல வழி: உங்கள் சுருதியில் தம்பூராவை ஒரு நிமிடம் பதிந்து, ரீப்பரில் தனி டிராக்காக லூப் போடுவது. பிரவுசரே வேண்டாம், சுருதியும் டேக்குக்கு டேக் மாறாது.

வாய்ப்பாட்டுக்கு 8.6 மில்லி செகண்டும் எனக்குச் சம்மதமில்லை. ஒலி 1 மில்லி செகண்டில் சுமார் 34 செமீ போகும். ஆம்ப் 3 மீட்டர் தள்ளி இருப்பதுபோல் கிட்டார்காரர் பழகிக்கொள்வார். பாடுபவருக்கோ தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்கிறது. ஹெட்ஃபோனில் சில மில்லி செகண்ட் தள்ளி வரும் அதே குரல் அதோடு மோதி, குரலைக் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆக்கும். இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ (குரலைக் கணினிக்குள் சுற்றாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்புவது) இருந்தால் அதைப் போட்டு, ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்கும். அப்போது பஃபர் 512 இருந்தாலும் பாடுவதற்குக் கவலையில்லை.

மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இடம்) லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்பார்க்கும் லிமிட்டர் போன்ற, ஒலியைப் பிடித்து வைத்து வேலை செய்யும் பிளகின்களைப் போட்டுக்கொண்டு கிட்டார் பதியாதீர்கள். 4096 சாம்பிள் எடுக்கும் ஒரு பிளகின் 85 மில்லி செகண்ட் சேர்க்கும். அந்தப் பழியும் விண்டோஸ் மேல்தான் விழும்.

நொடிக்கணக்கன்:

கடைசியாக ஒரு சோதனை. டிரைவர் சொல்லும் தாமதமும் உண்மைத் தாமதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிரைவரோ ஃபர்ம்வேரோ மாறியபின் கட்டாயம் பாருங்கள்.

ஸ்பீக்கரை முழுதாகக் குறைத்து, 48 வோல்ட் ஃபேன்டத்தையும் (மைக்குக்கு இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) டைரக்ட் மானிட்டரையும் அணைத்து, இன்டர்ஃபேஸின் வெளியீடு 1இலிருந்து உள்ளீடு 1க்கு ஒரு கேபிள் போடவும். உள்ளீடு லைன் நிலையில், கெயின் அடியில். ஒரு டிராக்கில் கூர்மையான கிளிக் ஒலி, இன்னொன்றில் அதைப் பதியுங்கள். பதியும் டிராக்கில் மானிட்டரிங் இருக்கக் கூடாது, இருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். பின் இரண்டு கிளிக்குகளின் தொடக்கத்தையும் பெரிதாக்கி, இடைவெளியைச் சாம்பிளில் எண்ணுங்கள்.

பாட்டுமேசை:

128இல் 41 சாம்பிள் தள்ளி விழுகிறது. மூன்று முறை பதிந்தும் 41தான்.

நொடிக்கணக்கன்:

0.85 மில்லி செகண்ட். ஒவ்வொரு முறையும் ஒரே எண் வருவதால் ஈடுகட்டலாம். ரீப்பரில் ‘ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, ரெக்கார்டிங்’ பக்கத்தில் ‘யூஸ் ஆடியோ டிரைவர் ரிப்போர்ட்டட் லேட்டன்ஸி’ டிக்கை அப்படியே விட்டு, ‘இன்புட் மேனுவல் ஆஃப்செட்’டில் 41 சாம்பிள் போட்டு மறுபடி பதியுங்கள். வித்தியாசம் 0 ஆக வேண்டும். 82 ஆனால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போடுங்கள். 256, 512இலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கேயும் 41 என்றால் இந்த ஓர் எண்ணே போதும்; வேறு எண் வந்தால் பஃபரை மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டியிருக்கும்.