எசெக்ஸ் வாளில் கை வைத்தானா? முதலாம் எலிசபெத்தின் அவைச்சண்டை

வரலாற்றுத்திண்ணை:
தேம்ஸ்கரை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அவையில் இருந்தவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, கடிவாளத்தைக் கடைசிவரை தன் கையிலேயே வைத்திருந்தார் இங்கிலாந்து அரசி எலிசபெத். 1598இல் அவருடைய செல்லப்பிள்ளையான எசெக்ஸ் பிரபு அவர் கையால் வாங்கிய அறையே சாட்சி" என்கிறார். அறையைச் சொன்னவர் அடுத்த நொடி நடந்ததை ஏன் விழுங்கினார்? அயர்லாந்தை ஆள யாரை அனுப்புவது என்று பேச்சு. அரசி சொன்ன பெயர் வில்லியம் நோலிஸ், எசெக்ஸின் தாய்மாமன். எசெக்ஸோ தன் அவைப் போட்டியாளர் ராபர்ட் செசில் பக்கத்து ஆளான ஜார்ஜ் கேருவை அங்கே தள்ளிவிடப் பார்த்தான். அரசி கேட்கவில்லை என்றதும் முதுகைத் திருப்பினான். காதோடு ஓர் அறை விழுந்தது. அவன் கை நேராக வாள்பிடிக்குப் போனது. நாட்டிங்ஹாம் பிரபு குறுக்கே பாய்ந்து தடுத்தார். அரசி முன்னால் வாளில் கை! இதுவா கடிவாளம்?

தேம்ஸ்கரை:
ஐயா, அவர் வாளை உருவவில்லை. பிடியில் கை வைத்ததாகத்தான் அந்தக்கால வரலாற்றாசிரியர் காம்டன் எழுதுகிறார். அவரும் அந்த இடத்தில் இல்லை, பல வருஷம் கழித்து எழுதியது. 1596ஐப் பாருங்கள். எசெக்ஸ் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கக் கடலில் இருந்த சமயம், செயலர் பதவி ராபர்ட் செசிலுக்குப் போனது. ஆள் ஊரில் இல்லாத நேரம்! அதற்கு முன் 1594இல், தன் ஆளான பிரான்சிஸ் பேக்கனை அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) ஆக்கும்படி மாசக்கணக்கில் எசெக்ஸ் நச்சரித்தும் எட்வர்ட் கோக்குக்குத்தான் அரசி கொடுத்தார். பிறகு 1597இல் ஏர்ல் மார்ஷல் என்ற உயர்பதவி கொடுத்து ஆற்றியதும் அவரே. திட்டம் இல்லாமலா இதெல்லாம்?

வரலாற்றுத்திண்ணை:
"பிடியில் கைதான்" என்கிறீர்கள். அந்த "தான்" உங்கள் சொந்தச் சரக்கு. காம்டன் நேரில் பார்க்கவில்லை என்றால் அறைந்ததையும் அவர் பார்க்கவில்லை. அறைக்கு மட்டும் அவர் சாட்சி, வாளுக்கு ஆகாதா?

ஏடுதேடி:
இடையில் ஒரு திருத்தம். அது எட்வர்ட் கோக் இல்லை, குக். எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் இப்படித்தான் ஆகும்.

தேம்ஸ்கரை:
பதினெட்டு வருஷமாக லண்டனில் இருக்கிறேன். எனக்கு உச்சரிப்பு வகுப்பு வேண்டாம்.

ஏடுதேடி:
இருந்தும் கோக் என்று எழுதுகிறீர்களே, அதுதான் வருத்தம்.

கயல்77:
இரண்டு பேரும் வாளிலேயே நிற்கிறீங்க. எனக்குப் பிடிச்சது சார்ல்ஸ் பிளவுண்ட்னு இன்னொரு அவைக்காரன் கதை. குதிரையேறி ஈட்டிப் போட்டியில் நல்லா விளையாடினான்னு, தங்கத்தில் செய்த சதுரங்க ராணிக் காயை அரசி பரிசாக் கொடுத்தாங்க. அவன் அதைக் கையில் கட்டிக்கிட்டு வந்ததைப் பார்த்து எசெக்ஸ் எகத்தாளம் பேச, சண்டையாகி எசெக்ஸுக்குத் தொடையில் காயம். இவனுக்கு யாராவது மரியாதை கத்துக்கொடுக்கத்தான் வேணும்னு அரசி சொன்னதாச் சொல்றாங்க. அயர்லாந்தில் எசெக்ஸ் கோட்டை விட்டதும் 1600இல் அங்கே போனது அதே பிளவுண்ட்தான்.

வரலாற்றுத்திண்ணை:
நல்ல கதைதான் தங்கச்சி. ஆனால் அங்கே எசெக்ஸ் கை வைத்தது பிளவுண்டுக்கு எதிராக. நான் கேட்பது அரசிக்கு எதிராக வைத்த கை. அதற்குப் பிறகு என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. மாசக்கணக்கில் அவைப்பக்கம் வராமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். "அரசர்கள் தவறு செய்ய மாட்டார்களா? குடிகளுக்கு அநியாயம் நேராதா?" என்று அரச முத்திரை அமைச்சர் எகர்ட்டனுக்குக் கடிதம் வேறு. இப்படிப்பட்டவனிடம் 1599இல் சுமார் 16,000 காலாட்களைக் கொடுத்து அயர்லாந்துக்கு அனுப்புகிறார். அவன் அயர்லாந்துக் கிளர்ச்சித் தலைவன் டைரோனோடு சமரசம் பேசிவிட்டு, செப்டம்பர் 28 காலையில் சேறு காயாத உடுப்போடு நான்சச் அரண்மனைப் படுக்கையறைக்குள் நுழைகிறான். அரசி தலைகூட வாரவில்லை. வாள்பிடிக்குப் போன கையை அன்றைக்கே கேட்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா?

தேம்ஸ்கரை:
அந்தக் கதவைத் தாண்டியவர் அன்றைக்கே காவலில் வைக்கப்பட்டார். மறுவருஷம் அவரிடம் இருந்த இனிப்பு ஒயின் வரிக் குத்தகையை அரசி புதுப்பிக்கவில்லை, வருமானத்தின் வேரே போனது. 1601 பிப்ரவரி 8இல் கிளர்ச்சி செய்ய லண்டன் தெருவில் இறங்கியபோது ஊர் அவரோடு எழவில்லை. 25ஆம் தேதி தலை போனது. கடிவாளம் யார் கையில் இருந்தது?

வரலாற்றுத்திண்ணை:
தலையை வெட்டியதுதான் கடிவாளமா? போன வருஷம் டேவிசன் இழையிலும் இதே பாட்டுதான். ஸ்காட்லாந்து மேரியின் மரண ஆணையில் கையெழுத்துப் போட்டது அரசி, லண்டன் டவர் சிறையும் 10,000 மார்க் அபராதமும் செயலர் டேவிசனுக்கு. அதையும் சாமர்த்தியம் என்றீர்கள்.

தேம்ஸ்கரை:
அந்த இழையில் டேவிசனுக்குத் தலை போனதாக எழுதியவர் நீங்கள். நான் திருத்தினேன். அந்த ஆத்திரம்தான் இன்றைக்கும் உங்களை எழுத வைக்கிறது.

வரலாற்றுத்திண்ணை:
ஒரு வரி அவசரத்தில் தவறியது, அன்றைக்கே மாற்றிவிட்டேன். பேச்சைத் திருப்பாதீர்கள். கை பிடிக்குப் போனதா, இல்லையா?

கயல்77:
1598 ஆகஸ்டில் அரசியின் மூத்த ஆலோசகர் பர்லி பிரபு இறந்துபோனார். நாற்பது வருஷம் கூட இருந்த மனுஷன். அதுக்குப் பிறகு அவையில் எசெக்ஸை அடக்கப் பெரியவர்னு யார் இருந்தாங்க? அதை யாராவது பேசுங்களேன்.

வரலாற்றுத்திண்ணை:
பேசலாம். முதலில் வாளுக்குப் பதில் வரட்டும்.

தேம்ஸ்கரை:
உருவவில்லை. நூறு தடவை கேட்டாலும் உருவவில்லை.

ஏடுதேடி:
குக்.