வருமான வரி மேல்முறையீடு: முப்பது நாள் கெடு கடந்தபின் என்ன வழி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் அரிசி மண்டி நடத்தும் என் தந்தையார் வங்கியில் செலுத்திய ரொக்கத்துக்குக் கணக்கு இல்லை என்று கருதி, வருமான வரித் துறை மதிப்பீட்டு ஆணை (செலுத்த வேண்டிய வரியைத் தீர்மானிக்கும் ஆணை) பிறப்பித்துள்ளது. துறையின் இணையப் போர்ட்டலில் எங்கள் கணக்குக்குப் பதிவாகியிருந்த மின்னஞ்சல், முன்பு எங்களிடம் கணக்கெழுதி விலகிச் சென்றவருடையது. ஏழு மாதங்களுக்குப் பிறகு, வங்கிக் கணக்கு முடக்கப்பட்டபோதுதான் ஆணை வந்த செய்தியே எங்களுக்குத் தெரிந்தது. இனி மேல்முறையீடு செய்ய இயலுமா?

பதில் 1:
இயலும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 249(2) பிரிவு 30 நாள் கெடு விதித்தாலும், தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்ததென மேல்முறையீட்டு ஆணையர் திருப்தியடைந்தால் மனுவை ஏற்கலாம் என்று 249(3) கூறுகிறது. மேல்முறையீட்டு மனுவுக்கான படிவம் 35இல் தாமதத்துக்கான காரணத்தை எழுத இடம் உண்டு; ஆனால் அங்கே இரண்டு வரி எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சல் யாருடையது, அவர் எப்போது விலகினார், வங்கியின் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, போர்ட்டலை முதலில் எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பவற்றைத் தேதி வரிசையில் எழுதி, ஆதாரங்களோடு தந்தையாரின் பிரமாணப் பத்திரத்தையும் இணையுங்கள். முன்னாள் கணக்கரும் ஒன்று எழுதித் தந்தால் பெரும் பலம். பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் (1998) 883 நாள் தாமதத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், தாமதத்தின் அளவைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. அங்கும் வழக்கை நம்பி ஒப்படைக்கப்பட்ட வழக்கறிஞர் செயல்படாததே தாமதத்துக்குக் காரணம்.

பதில் 2:
மேலே கூறியது சரியே. ஆயினும், விவரம் தெரிந்த நாளிலிருந்து மனுத் தாக்கல் செய்யும் நாள்வரையிலான இடைவெளிக்கும் விளக்கம் கேட்பார்கள் என்பதால், இந்த வாரமே தாக்கல் செய்துவிடுங்கள். மேல்முறையீடு செய்வதால் மட்டும் வசூல் நின்றுவிடாது. மதிப்பீட்டு அதிகாரியிடம் வசூலுக்குத் தனியே தடை கோர வேண்டும், பொதுவாக அதற்குக் கேட்கப்பட்ட வரியில் 20 சதவீதத்தைச் செலுத்தச் சொல்வார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆணையர் தாமதத்தை ஏற்க மறுத்துவிட்டால்?

பதில் 1:
அந்த மறுப்பை எதிர்த்தே வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். மேலா ராம் வழக்கில் (1956) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆணை கிடைத்து ஓராண்டு முடியாததால், முதன்மை ஆணையரிடம் 264ஆம் பிரிவின்கீழ் சீராய்வு (ஆணையை அவரே மறுபரிசீலனை செய்வது) கோரும் வழியும் இப்போது திறந்திருக்கிறது. மேல்முறையீடு செய்துவிட்டால் அவ்வழி அடைபடும் என்பதால், உங்கள் ஆடிட்டருடன் கலந்து முன்கூட்டியே முடிவெடுங்கள். ரொக்கத்துக்கான விற்பனைப் பதிவேடுகள் கையில் இருந்தால் மேல்முறையீட்டையே நான் பரிந்துரைப்பேன். சீராய்வில் தோற்றால் தீர்ப்பாயத்துக்குச் செல்ல இயலாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே மிஞ்சும்.