பிடிப்பு வலு: ஒரே ஆளுக்கு 29 கிலோ, அடுத்த நாள் 22. எங்கே பிழை?

இரவுக்கடமை:
கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை விடுதி. தாதியர் 34 பேருக்குக் கைப்பிடிப்பு வலுவும் உடல் வேலைத்திறனும் அளந்து, ஆறு மாதத்தில் மறுபடி அளப்பது திட்டம். ஜாமர் டைனமோமீட்டர் (பிடிப்பு வலு அளக்கும் கருவி) ஒன்று இரவலாகக் கிடைத்திருக்கிறது. முதல் சுற்றிலேயே எண்கள் தாறுமாறு. காலையில் 29 கிலோ காட்டியவருக்கு அடுத்த நாள் இரவுக் கடமை முடிந்த கையோடு 22. சிலரைக் கதிரையில் இருத்தி அளந்தோம், சிலரை நிற்க வைத்து. கைப்பிடியை அவரவர் கைக்குத் தோதாக நகர்த்தினோம்.

பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழே போனால்தான் பலவீனம் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. எல்லோரும் அதற்கு மேலே நிற்கிறார்கள். பிறகு ஏன் பாதிப் பேருக்குப் பெருவிரல் அடியில் நோவு? வேலைத்திறனுக்கு 6 நிமிட நடை (அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பது) போதுமா? அதற்கு 30 மீட்டர் வேண்டும், எங்கள் நடைபாதை அவ்வளவு வராது.

மணிக்கட்டு:
முதல் சுற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அந்த எண்களைத் திருத்த வழியில்லை.

ஜாமர் கைப்பிடிக்கு ஐந்து இடங்கள் உண்டு. எல்லோருக்கும் இரண்டாவது இடம், கை சிறிதானாலும் பெரிதானாலும். ஆளுக்கு ஆள் மாற்றினால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடியாது. கைப்பிடி இரு முனைகளிலும் சரியாகக் கொளுவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் நழுவினால் எண் குறையும்.

கதிரையில் இருத்துங்கள், பாதம் நிலத்தில் முழுதாகப் படியட்டும். மேற்கை உடம்போடு, முழங்கை 90 பாகை, முன்கை நடுநிலையில் (பெருவிரல் மேலே பார்க்க), மணிக்கட்டு 0 முதல் 30 பாகை வரை பின்சாய்வில் (புறங்கைப் பக்கம்). கருவியின் அடியை நீங்கள் லேசாகத் தாங்கலாம், இழுக்கக் கூடாது. வலம், இடம், வலம், இடம் என்று கைக்கு மூன்று தடவை, ஒரே கைக்கு இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு. மூன்றின் சராசரியை எடுப்பதா, உச்சத்தை எடுப்பதா என்று இப்போதே முடிவெடுங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றினால் கூடியதுபோலவோ குறைந்ததுபோலவோ தெரியும், உண்மையில் ஒன்றும் நடந்திராது.

உச்சம் காட்டும் முள்ளை ஒவ்வொரு தடவையும் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறக்கிறவர்கள் அதிகம். முகப்பில் கிலோவும் இறாத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வரிசை பார்த்து வாசியுங்கள். "இறுக்கிப் பிடியுங்கள், இன்னும், இன்னும், விடுங்கள்" என்பதை எல்லோருக்கும் ஒரே சொல்லில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கத்தி மற்றவருக்கு முணுமுணுத்தாலே எண் மாறும்.

நேரம் அடுத்த சிக்கல். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்த கையையும் தூங்கி எழுந்த கையையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். கடமை தொடங்க முன் அளப்பது நல்லது. 138 பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்தவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

இரவல் கருவி என்பதால் எடை தொங்கவிட்டுச் சரிபாருங்கள். 500 மி.லீ. சேலைன் போத்தல்களை ஒரு பையில் போட்டுத் தராசில் நிறுத்து, ஏறத்தாழ 20 கிலோ வந்ததும் நாடாவால் கைப்பிடியின் நடுவில் தொங்கவிடுங்கள். முள் இரண்டு கிலோவுக்கு மேல் விலகினால் அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் அட்டவணையின் 16 கிலோ, தசைநலிவுக்கான 2019 ஐரோப்பிய வரையறையில் பெண்களுக்குரிய எல்லை, ஆண்களுக்கு 27. ஆசியக் குழு அதே ஆண்டு 18, 28 என்று வைத்தது. இரண்டும் வயோதிபரில் தசைநலிவு தேடுவதற்கு. 30 வயதுத் தாதிக்கு அது மிகத் தாழ்ந்த வேலி, எல்லோரும் தாண்டத்தான் செய்வார்கள். பிரித்தானியத் தரவில், வலு உச்சத்தில் இருக்கும் வயதில் பெண்களின் நடுமதிப்பு ஏறத்தாழ 31 கிலோ. அதையும் இங்கே அப்படியே பொருத்த முடியாது, தெற்காசியரின் எண்கள் பொதுவாகக் குறைவு. அவரவர் முதல் அளவோடு அவரவரை ஒப்பிடுவதே உங்களுக்கு உதவும்.

தாதியியல் விரிவுரை:
பெருவிரல் நோவுக்குப் பதில் முழுக்கைப் பிடிப்பில் கிடைக்காது. விடுதி வேலையில் பாதி கிள்ளுப்பிடிப்பு: அம்பியூல் (கண்ணாடி மருந்துக் குப்பி), கனுலா மூடி, மூவழிக் குழாய்த்திருகி, மாத்திரை அட்டை. அதற்குப் பிஞ்ச் கேஜ் (கிள்ளுப்பிடிப்பு அளக்கும் கருவி) வேண்டும், சாவி திருப்பும் பிடி ஒன்றை அளந்தாலும் போதும்.

சிரிஞ்சைக் கவனியுங்கள். 10 மி.லீ. பீப்பாயின் உள்விட்டம் ஏறத்தாழ 15 மி.மீ., 50 மி.லீ. ஏறத்தாழ 27. பரப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல், ஆகவே அதே அழுத்தம் எழுப்பப் பெருவிரல் மூன்று மடங்கு தள்ள வேண்டும். பெரிய சிரிஞ்சால் கழுவும்போது உலக்கையைப் பெருவிரலால் தள்ளாமல் உள்ளங்கை அடியால் தள்ளுங்கள். மூக்குக்குழாய் உணவைத் தள்ளவே வேண்டாம், உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு மைய நாளக் குழாய்க்குச் சின்னச் சிரிஞ்ச் எடுத்துவிடாதீர்கள். சிறியதில் அழுத்தம் எகிறிக் குழாய் வெடிக்கலாம், அங்கே 10க்குக் குறையக் கூடாது.

புள்ளி போட்ட அம்பியூலில் புள்ளி உங்களைப் பார்க்க வேண்டும். பெருவிரலைப் புள்ளிக்கு மேலே வைத்துக் கழுத்தை உங்களிடமிருந்து அப்பால் முறியுங்கள், கோஸ் சுற்றி. பக்கம் மாறினால் வலுவும் கூடத் தேவை, கண்ணாடியும் சிதறும். பிறஷர் பார்க்க எல்லோருக்கும் 200 வரை அடிப்பதும் வீண் உழைப்பு. மணிக்கட்டு நாடி மறையும் இடத்துக்கு மேல் 30 போதும். கையுறை ஓர் அளவு பெரிதானால் விரல் நுனி வழுக்கும், வழுக்கினால் கூட இறுக்குவோம்.

படிக்கட்டு:
6 நிமிட நடை நோயாளிக்குச் சரி. வேலை செய்யும் வயதினர் எல்லோரும் நன்றாகவே நடப்பார்கள், வித்தியாசம் தெரியாது. குயின்ஸ் கல்லூரிப் படி டெஸ்ட் செய்யுங்கள். படி உயரம் 41.3 செ.மீ., நேரம் 3 நிமிடம். பெண்களுக்கு நிமிடத்துக்கு 22 ஏற்றம், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 88இல், ஓர் ஏற்ற இறக்கத்துக்கு நான்கு தட்டு. ஆண்களுக்கு 24, மெட்ரோனோம் 96இல். முடிந்ததும் நின்றபடியே, 5ஆவது வினாடியிலிருந்து 20ஆவது வரை நாடி எண்ணி நாலால் பெருக்குங்கள்.

இதிலிருந்து உடம்பு உச்சமாக எடுக்கக்கூடிய ஒட்சிசனைக் கணக்கிடலாம். பெண்களுக்கு: 65.81 இலிருந்து (0.1847 × நாடி) கழிக்க. 15 வினாடியில் 38 என்றால் நாடி 152, விடை ஏறத்தாழ 37.7 மி.லீ./கி.கி./நிமிடம். எட்டு மணித்தியால வேலைக்கு இதில் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. அது 12.6, அதாவது 3.6 மெட்ஸ் (சும்மா இருக்கும்போது எடுக்கும் ஒட்சிசன், 3.5 மி.லீ., ஒரு மெட்). தாதி வேலை சராசரியாக 3 மெட்ஸ் அளவு. ஆகவே இவருக்கு மிச்சம் கொஞ்சம்தான், பன்னிரண்டு மணித்தியாலக் கடமையில் அதுவும் கரையும்.

கொழும்புப் புழுக்கம் நாடியை உயர்த்தும், காலையில் மின்விசிறிக்குக் கீழே செய்யுங்கள். தேநீர் குடித்த உடனே வேண்டாம். புரோபிரனலோல் (நாடியைக் குறைக்கும் மருந்து) எடுப்பவரின் நாடி பொய் சொல்லும். ஈமோகுளோபின் 12க்குக் குறைந்த பெண்ணுக்கு மோசமான எண் வந்தால் முதலில் இரத்தத்தைப் பாருங்கள். கர்ப்பிணிகள், நெஞ்சு நோ, முழங்கால் நோ உள்ளவர்களை விட்டுவிடுங்கள்.

இரவுக்கடமை:
நன்றி. 41.3 செ.மீ. படிக்கு எங்கே போவது? விடுதிக் கால்படி அதில் பாதிதான். இன்னொன்று, எண் குறைந்தவர்களுக்குப் பந்து கொடுத்து அமுக்கச் சொல்லலாமா?

படிக்கட்டு:
மர பாஸ் ஒருவரிடம் சொன்னால் ஒரு நாள் வேலை. அகலம் 50, ஆழம் 40 செ.மீ., மேலே இறப்பர் பாய், கால் நான்கிலும் வழுக்காத குமிழ். பாயின் தடிப்பையும் சேர்த்து 41.3 வர வேண்டும்.

மணிக்கட்டு:
நோவு உள்ள கைக்குப் பந்து வேண்டாம். முதலில் பெருவிரலை உள்ளே மடித்து முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பெருவிரல் அடியில் சுள்ளென்றால் டி கர்வேன் (பெருவிரல் தசைநாண் உறையின் அழற்சி) சந்தேகம். அவருக்குப் பெருவிரல் பட்டியும் ஓய்வும், பிறகு வைத்தியர். இரவில் விரல் விறைப்பவருக்கு மணிக்கட்டு நரம்பைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

நோவு இல்லாதவருக்கும் பந்து ஒரு பக்கத் தசையைத்தான் வளர்க்கும். ஐந்து லீட்டர் தண்ணீர்க் கேனை இரு கையிலும் தொங்கவிட்டு 30 வினாடி நடை, மூன்று சுற்று. பிறகு விரல்களைச் சுற்றி இறப்பர் வளையம் போட்டு விரித்தல் 12 தடவை. வாரத்தில் மூன்று நாள். கேன் இலகுவானால் பத்து லீட்டருக்குப் போகலாம்.

தாதியியல் விரிவுரை:
ஆளைத் திருப்புவதற்குக் கைவலுவை நம்பாதீர்கள். நோயாளியைத் தூக்குவதில் ஒருவர் மேல் விழக்கூடிய பாரம் 16 கிலோ (35 இறாத்தல்) என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் சமன்பாட்டிலிருந்து வந்த எல்லை. 60 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே ஒன்பது பத்துக் கிலோ. வழுக்கு விரிப்பு இல்லையென்றால் குறுக்கு விரிப்பின் ஓரத்தை நோயாளியின் உடம்பு வரை சுருட்டி, உள்ளங்கை மேலே பார்க்கப் பிடியுங்கள். நீட்டித் தொங்கும் துணியைப் பிடித்தால் முழுப் பாரமும் விரலில்தான். இழுக்க முன் கட்டில் பிரேக் போட்டிருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பதை மறந்துவிடாதீர்கள்.