வேலையைக் கொடுத்தாலும் அது என் மேசைக்கே திரும்பி வருகிறது

லேபிள்காரன்:
13 வருடமாக லேபிள் அச்சடிக்கும் நிறுவனம் நடத்துகிறேன். ஒரு மெஷின், ஒரு உதவியாளரோடு தொடங்கியது, இப்போது 22 பேர். ஆனால் புரூஃபை, அதாவது அச்சுக்குப் போகும் முன் எடுக்கும் மாதிரியை, பார்த்து ‘ஓகே’ சொல்வது இன்றும் நான் ஒருவன்தான். போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். ஆள் இருந்தார்கள், மை இருந்தது, பிளேட் தயாராக இருந்தது, மெஷின் மட்டும் சும்மா நின்றது. எழுந்து பார்த்தால் என் வாட்ஸாப்பில் 41 புரூஃப்.

கொடுத்தே பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். நான்கு வருடத்துக்கு முன் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கொடுத்தேன். ஆறாவது வாரம் ஒரு வாடிக்கையாளரின் பார்கோடு சிவப்புக் கோடுகளாக அச்சாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் லேசர் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பவை. அந்த ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். ஒரு ரோல்கூட ஸ்கேன் ஆகவில்லை. முழு ஆர்டரையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அன்றே அந்த வேலையை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், என்னைவிடக் கூர்மையான கண். ஆனால் இப்போது ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட “சார், ஒரு தடவை பார்த்துடுங்க” என்று அனுப்புகிறார். இன்னொரு சிவப்பு பார்கோடு வராமல் இதை எப்படிக் கைமாற்றுவது?

பழைய பட்டறை:
சார், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிவப்புக் கோடு ஸ்கேன் ஆகாது என்று அந்த நாளுக்கு முன் அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அது கவனக்குறைவு. தெரியாது என்றால், வேலையைக் கொடுத்த நீங்கள் அதற்கு வேண்டிய விவரத்தைக் கொடுக்கவில்லை. 13 வருடம் சூடுபட்டுக் கற்றதெல்லாம் உங்கள் கண்ணுக்குள் கிடக்கிறது. புரூஃபைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

எனக்கு மின் பேனல் தொழில். வரைபடம் சரிபார்ப்பது இதே மாதிரி என்னிடமே மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு வாரம் எங்கள் பொறியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பார்ப்பதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனை மாதிரி வாயால் சொல்லிக்கொண்டே பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். 17 விஷயம் தேறியது. அதில் நான்கை நான் பார்க்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த வாரம் நாற்காலி மாறினோம். அவர் சொல்லச் சொல்ல நான் பேசாமல் இருக்க வேண்டும். அந்த வாரம் போல ஒரு வாரத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன்.

இரண்டாம் நாற்காலி:
நான் முதலாளி இல்லை, அந்தப் பெண் இருக்கும் இடத்தில் இருப்பவன். அவர் ஏன் அனுப்புகிறார் என்று நான் சொல்கிறேன். தானே ஓகே சொன்னால் பழி அவருக்கு. உங்களுக்கு அனுப்பிவிட்டால் பழி உங்களுக்கு. அனுப்பாமல் இருக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

அப்புறம் இன்னொன்று. உங்கள் மெஷின் ஆபரேட்டர்கள் யார் கையெழுத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள்? உங்கள் கையெழுத்து என்றால், அவரிடம் தனியாகக் கூப்பிட்டு ‘இனி நீயே பார்’ என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. எங்கள் இடத்தில் டெலிவரி அட்டவணையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டாம் வாரமே ஒரு வாடிக்கையாளர் நேராக மேலே பேசி, என்னைக் கேட்காமல் தேதியை மாற்றிக்கொண்டார். அதோடு மற்ற வாடிக்கையாளர்களும் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். பொறுப்பு என் பெயரில், அதிகாரம் மாடியில்.

ஆழ்கடல்:
இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். டேவிட் மார்க்கே என்ற அமெரிக்கக் கடற்படை கேப்டன் 1999-இல் சான்டா ஃபே என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பொறுப்பேற்றார். அவர் ஒரு வருடம் படித்துத் தயாரானதோ வேறொரு கப்பலுக்கு. அவசர மோட்டாரில் ஓட்டும் ஒரு பயிற்சியில் ஒரு வேகத்தைச் சொல்லி உத்தரவிட்டார். இந்தக் கப்பலின் அந்த மோட்டாரில் அப்படி ஒரு வேகமே கிடையாது. அது தெரிந்தும் பக்கத்தில் நின்ற அதிகாரி அதே உத்தரவைத் திருப்பிச் சொன்னார், கேப்டன் சொன்னாரே என்று. அதற்குப் பிறகு மார்க்கே முறையை மாற்றினார். அதிகாரிகள் அனுமதி கேட்கக் கூடாது, “இதைச் செய்யப் போகிறேன், காரணம் இது” என்று சொல்ல வேண்டும்.

உங்கள் ஆள் “பார்த்துடுங்க” என்பதற்குப் பதிலாக “இதை 3 மணிக்கு மெஷினில் ஏற்றப் போகிறேன், பார்கோடும் நிறமும் சரிபார்த்துவிட்டேன்” என்று எழுதட்டும். நீங்கள் பதில் போடாவிட்டால் ஓடும். இப்போது நீங்கள் பதில் போடாவிட்டால் நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த மூன்று நாள் காய்ச்சலில் மெஷின் ஓடியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் கொடு கொடு என்கிறீர்கள். நான் கொடுத்துக் கெட்டவன். கொள்முதலை ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தலையிடாமல் இருப்பதுதான் நம்பிக்கை என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு பொருள் இரண்டு வருடத்துக்கு வரும் அளவு கிடங்கில், இன்னொன்று அடியோடு இல்லை. அவர் ஏமாற்றவில்லை. எவ்வளவு வாங்கலாம் என்று நான் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவே இல்லை. ஒப்படைப்பது வேறு, கைகழுவுவது வேறு. ஆழ்கடல் சொன்னது நல்ல முறைதான், ஆனால் வாரத்துக்கு ஐந்து புரூஃபையாவது, ஓடி முடிந்த பிறகு, எடுத்துப் பாருங்கள். ஓடுவதற்கு முன் பார்க்காதீர்கள், பழையபடி ஆகிவிடும்.

லேபிள்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய பட்டறை சொன்ன வர்ணனையைச் செய்தோம். 19 விஷயம் வந்தது, இரண்டை அவரே சேர்த்தார். சிவப்பு பார்கோடு முதல் வரியில் இருக்கிறது. அதை எழுதும்போது, “அன்னைக்கு இது எனக்குத் தெரியாது சார்” என்றார். நான்கு வருடமாக நான் கேட்கவே இல்லை.

மறுபதிப்பு ஆர்டர்கள் இப்போது என்னிடம் வருவதில்லை. புதிய லேபிள் என்றால் ‘ஏற்றப் போகிறேன்’ செய்தி வருகிறது. புரூஃப் தாளில் இனி அவர் கையெழுத்துதான் என்று ஆபரேட்டர்களிடம் அவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். ஒருவர் மட்டும் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

போன வியாழன் ஒரு பழைய வாடிக்கையாளர் அவசரம் என்றார். பழக்க தோஷம், நானே புரூஃபை மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். அதே ஆபரேட்டர் திருப்பி அனுப்பினார், கையெழுத்து இல்லை என்று. டிசைன் பெண்ணிடம் போனது. பார்கோடை அதன் நிலையான அளவில் 70 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறார்கள், 80-க்குக் கீழே போகக் கூடாது. பட்டியலில் ஆறாவது வரி. நான் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பிரச்சினை பாக்கி. மாலையில் கால் தானாக அந்த மேசைப் பக்கம் போகிறது. இது எப்போது போகும்?

பழைய பட்டறை:
எனக்கு ஆறு வருடம் ஆகிறது. அந்த நேரத்துக்கு வெளியே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.