கலைச்சொல்: ‘டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்’ – குரற்படம் எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மாணவர்கள் தம் குரற்பதிவோடு படங்களை அடுக்கிச் சிறு படமாக்கும், வகுப்பறையில் ‘டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்’ என்று வழங்கும் பயிற்சிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இழையில் இதுவரை எண்ணிமக் கதைசொல்லல், மின்னிலக்கக் கதைகூறல், மின்கதை, கதைக்காணொளி ஆகிய நான்கு சொற்கள் வந்துள்ளன. நான்கையும் எங்கள் பள்ளி மாணவர்கள் செய்துவரும் வேலையோடு பொருத்திப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். கருவியின் பெயரைச் சொல்லின் தலையில் வைக்கும் வரை இதற்கு நல்ல தமிழ்ச்சொல் அமையாது என்பது என் எண்ணம். மாணவரின் குரலை முன்வைத்து, ‘குரற்படம்’ என்று வழங்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வடிவத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. டேனா ஆட்ச்லி என்ற நிகழ்த்துகலைஞரும் ஜோ லாம்பர்ட், நீனா மல்லன் ஆகியோரும் 1994-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பட்டறைகளிலிருந்தே இது பரவியது. பின்னர் அவர்களின் நிலையம் பெர்க்லிக்குப் பெயர்ந்தது. 2001-இல் பிபிசி நிறுவனம் வேல்சு நாட்டு மக்களைக் கொண்டு ‘கேப்சர் வேல்ஸ்’ என்ற திட்டத்தில் இதே முறையைக் கையாண்டது. பட்டறையில் செய்வது எளிமையானதுதான்: தன் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை ஒருவர் இருநூற்றைம்பது, முந்நூறு சொற்களுக்குள் எழுதுகிறார், அதைத் தம் குரலிலேயே பதிவு செய்கிறார், வீட்டிலிருக்கும் பழைய நிழற்படங்களை அந்தக் குரலுக்கு ஏற்ப அடுக்கி, இரண்டு மூன்று நிமிடப் படமாக்குகிறார். அந்த நிலையத்தார் நல்ல கதைக்கு ஏழு கூறுகளை வகுத்தார்கள்: சொல்பவரின் நோக்குநிலை, கேட்பவரை இழுத்துச்செல்லும் கேள்வி, உணர்ச்சி, சொந்தக் குரல், பின்னணி இசை, சிக்கனம், நடைவேகம் என்பன அவை. குரலுக்கு இந்தப் பட்டியலில் தனி இடம் கிடைத்திருக்கிறது. கணினிக்கு ஏழில் ஓர் இடம்கூட இல்லை என்பதைக் குழுமத்தார் கவனிக்க வேண்டுகிறேன்.

‘டிஜிட்டல்’ என்ற அடைக்கு நாம் எந்தத் தமிழைப் போட்டாலும் அது ஒரு நாட்டோடு நின்றுவிடுகிறது. சிங்கப்பூர் அரசு ஆவணங்களில் மின்னிலக்கம் ஊன்றிவிட்டது. இலங்கையில் இலக்கமுறை என்று எழுதுகிறார்கள். விக்கிப்பீடியர்கள் எண்ணிமம் என்பதைக் கையாள்கிறார்கள். தமிழ்நாட்டிலோ எண்மம் என்று ஒருவர் எழுத, மின்னணு என்று இன்னொருவர் எழுத, மூன்றாமவர் டிஜிட்டல் என்றே விட்டுவிடுகிறார். இவற்றுள் எது சரி என்ற வழக்கு இந்தக் குழுமத்தில் பலமுறை நடந்து, ஒருமுறையும் தீர்ப்பாகாமல் கிடக்கிறது. அந்த வழக்கில் ஒரு பள்ளிப் பயிற்சியின் பெயரையும் கொண்டுபோய்ச் சிக்கவைக்கத் தேவையில்லை. தவிரவும், 1994-இல் கணினியில் படம் தொகுப்பது அரிய செயல், அதனால் அந்த அடைமொழிக்கு அப்போது ஒரு வேலை இருந்தது. வீட்டுக்கு வீடு திறன்பேசி இருக்கும் இன்று, எதை விலக்கிக்காட்ட அந்த அடைமொழி? ‘மின்’ என்ற முன்னொட்டைப் பற்றியும் எனக்கு இதே தயக்கம். மின்னஞ்சல், மின்னூல், மின்னாளுமை என்று அது எல்லாவற்றிலும் ஒட்டி ஒட்டி நைந்துவிட்டது. மின்கதை என்றால் இணையத்தில் எழுத்து வடிவில் வெளிவரும் சிறுகதையைத்தான் யாரும் எண்ணுவார்கள்.

கதைக்காணொளி என்ற சொல்லைத் தந்த அம்மையாரின் முயற்சி இவற்றைவிட நெருங்கி வந்தது. ‘காணொளி’ நிகழ்படம், விழியம் போன்ற போட்டிகளைத் தாண்டி மக்கள் வாயில் நிலைத்த சொல் என்பதும் அதற்குப் பலம். ஆனால் பள்ளிகளில் இப்போதே ஒரு குழப்பம் இருக்கிறது. திறன் வகுப்பறைத் திரையில் ஆசிரியர் யூடியூபிலிருந்து ஒரு நரிக்கதையைப் போட்டுக்காட்டினாலும் அதை டிஜிட்டல் கதை என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அங்கே பிள்ளைகள் பார்வையாளர்கள். நாம் பெயர் தேடும் பயிற்சியில் அவர்களே ஆக்குபவர்கள். கதைக்காணொளி என்ற சொல் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடும்.

ஆக்குதல் என்று நான் சொல்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தூத்துக்குடி மாவட்டத்துப் பனங்காட்டுப் பகுதியிலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கருப்பட்டி பற்றி முதலில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பவர்பாயிண்ட் கோப்பு ஒன்று செய்தாள். ‘கருப்பட்டி தயாரிக்கும் முறை’ என்று தலைப்பு. கீழே புள்ளியிட்டு ஐந்து வரிகள். எழுத்துகள் சுழன்று வந்து விழும்படி அசைவூட்டம். வகுப்பில் காட்டும்போது திரையைப் பார்த்துத் திரும்பி நின்று அந்த ஐந்து வரிகளையும் அப்படியே வாசித்தாள். தகவலில் பிழை இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ அவள் வாசித்த எதுவும் புதிதில்லை. பிறகு அதே பொருளை இந்த முறையில் செய்யச் சொன்னேன். பதநீர் காய்ச்சும் விடிலியில் திறன்பேசியால் எட்டுப் படங்கள் எடுத்து வந்தாள். முதற்பதிவில் ‘எனது பாட்டி பதநீரைக் காய்ச்சுகிறார்’ என்று பாடநூல் குரலிலேயே தொடங்கினாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டியைத் தெரியாத ஒரு தோழியிடம் சொல்வதுபோலச் சொல் என்றேன். ‘எங்க ஆச்சி பயினி காய்ச்சும்போது பக்கத்துல போனா ஏசுவா’ என்று அடுத்த பதிவு தொடங்கியது. கொதித்துப் பொங்கும்போது ஆச்சி ஆமணக்கு விதையைத் தட்டிப்போட்டதும் நுரை அடங்குவதை அவள் சொன்ன இடத்தில் அடுப்பின் படம் வருகிறது. பாகைச் சிரட்டையில் ஊற்றும் கைகளின் படம் வரும்போது அவள் ஒன்றுமே சொல்லவில்லை. ஆமணக்கு விதை என்ற செய்தி பவர்பாயிண்ட் கோப்பின் ஐந்து வரிகளில் எங்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் தன் பேச்சில் சொல்லத் தொடங்கிய பிறகே அது வெளியே வந்தது.

இந்த வேறுபாட்டிலிருந்து இன்னொரு சொற்சிக்கலுக்கு வருகிறேன், ஏனெனில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ‘பிரசென்டேசன்’ என்ற ஆங்கிலச் சொல் கோப்பையும் குறிக்கும், அதை வைத்துக்கொண்டு ஒருவர் பேசும் செயலையும் குறிக்கும். நம் பிள்ளைகள் கோப்பை முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம். 1987-இல் மேக்கின்டாசு கணினிக்காக வெளிவந்த பவர்பாயிண்ட்டுக்கு, ராபர்ட் காஸ்கின்ஸ் குழுவினர் முதலில் வைத்திருந்த பெயர் ‘பிரசென்டர்’, அதாவது, வழங்குபவர். வணிகப்பெயர்ச் சிக்கலால் அது மாறிற்று. மென்பொருளை ஆக்கியவர்களே முதலில் நிற்கும் ஆளை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள் என்பது எனக்குச் சுவையாகப் படுகிறது. தமிழில் நமக்கு விளக்கக்காட்சி, நிகழ்த்துகை, முன்வைப்பு, வழங்கல் என்று பல சொற்கள் இருப்பதை எல்லாரும் குறையாகப் பேசுகிறோம். அவற்றுள் இரண்டைப் பகிர்ந்து கொடுத்தால் ஆங்கிலத்தில் இல்லாத தெளிவு நமக்குக் கிடைக்கும்: கோப்பு விளக்கக்காட்சி, அதைக் கொண்டு அவைமுன் பேசுவது நிகழ்த்துகை. அப்படியானால் ‘விளக்கக்காட்சிக்கு ஐந்து மதிப்பெண், நிகழ்த்துகைக்குப் பத்து மதிப்பெண்’ என்று மாணவருக்குப் புரியும்படி எழுத முடியும். குரற்படம் இவ்விரண்டிலிருந்தும் வேறு. அதில் பேச்சு படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால், ஆக்கியவர் அவையில் நிற்கத் தேவையில்லை. அவைக்கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு இதுவே பெரிய வசதி.

சொல்லமைப்பைப் பார்ப்போம். நிழல், படம் இரண்டும் சேர்ந்து நிழற்படம் ஆனதுபோல, குரல், படம் சேர்ந்து குரற்படம் ஆகிறது. புணர்ச்சிக்குக் கண்முன் சான்று இருப்பதால் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் எளிது. குறும்படம், ஆவணப்படம் என்று ஏற்கெனவே நிற்கும் வரிசையில் இது இயல்பாகப் போய் அமர்கிறது. குறும்படம் என்ற சொல்லில் படச்சுருளும் இல்லை, ஒளிப்பதிவுக் கருவியும் இல்லை. அதனாலேயே கருவிகள் மாறியும் சொல் பழசாகவில்லை. ‘குரற்படம் செய்தோம்’, ‘அவளுடைய குரற்படத்தைப் பார்த்தாயா’, ‘குரற்படப் பயிற்சி’ என்று வாக்கியங்களில் வைத்துப் பாருங்கள். ‘மின்னிலக்கக் கதைகூறல் ஒன்றைச் செய்தோம்’ என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா?

எழுந்துள்ள, எழக்கூடிய மறுப்புகளுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தனிமடலில், குரற்படம் என்பது பேசும்படத்தோடு மயங்காதா என்று கேட்டிருந்தார். 1931-இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்த காலத்தில் இந்த மயக்கம் நேர்ந்திருக்கலாம். இன்று பேசாத படமே அரிதாகிவிட்டதால் பேசும்படம் என்ற சொல் வரலாற்றுக் கட்டுரைகளில் மட்டுமே வாழ்கிறது. ‘டப்பிங்’ படத்தோடு மயங்கும் என்றும் சொல்லலாம். அதற்கு மொழிமாற்றுப்படம் என்ற சொல் ஊன்றியிருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு, செவித்திறன் குறைந்த மாணவர்கள் சைகைமொழியிலும் எழுத்துப் பட்டைகளிலும் செய்யும் கதைகளை எப்படிக் குரற்படம் என்பது என்று சிங்கப்பூர் ஆசிரியை ஒருவர் எழுப்பியது. இதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. தமிழில் குரல் என்பது தொண்டையிலிருந்து வரும் ஒலியோடு நின்றுவிடுவதில்லை. மக்கள் குரல், உரிமைக்குரல் என்றெல்லாம் ஒருவரது நிலைப்பாட்டுக்கும் அதே சொல்லை ஆள்கிறோம். ஏழு கூறுகளிலும் குரல் என்பதற்கு ஒலியோடு இந்தப் பொருளும் சேர்ந்தே இருக்கிறது. ஆயினும், அந்த மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் இச்சொல்லை ஏற்கிறார்களா என்று கேட்ட பிறகே குழுமம் முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்காக நாம் இங்கே உட்கார்ந்து தீர்மானிப்பது முறையாகாது. குழுமத்தில் அத்தகைய பள்ளிகளில் பணியாற்றுவோர் இருந்தால் எழுதுக.

கதை என்ற சொல்லே குரற்படத்தில் இல்லையே என்ற கேள்விக்கு, பாடப்பிரிவு வகையில் பார்த்தால் அது நன்மையே என்பேன். அறிவியல் ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம் ஊர்க்கிணற்றின் நீர்மட்டம் பற்றிக் குரற்படம் செய்யச் சொல்லலாம். கதை என்றால் ‘கற்பனைக்கு இடமில்லை’ என்று ஒதுங்கக்கூடிய அவர், குரற்படம் என்றால் ஒதுங்கிவிட மாட்டார். தேவைப்படும் இடத்தில் குரற்படக்கதை என்று நீட்டிக்கொள்ளலாம். படக்கதை என்பது சித்திரக்கதை நூல்களுக்கு வழங்கினாலும், முன்னால் குரல் நிற்பதால் அந்த நீட்சியும் தடுமாறாது.

பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் துறை முழுவதையும், பார்ப்பவரின் தேர்வுக்கேற்ப மாறும் ஊடாட்டக் கதைகள், ஸ்க்ராட்ச் என்ற சிறுவர் நிரல்மொழியில் செய்யும் கதைகள் உட்பட, ஒரே குடைச்சொல்லால் குறிக்க விரும்புவார்கள். அதற்கு எண்ணிமக் கதையாக்கம் என்றோ அவரவர் நாட்டு அடைமொழியோடோ எழுதிக்கொள்ளட்டும். கதையாடல் மட்டும் வேண்டா. பெருங்கதையாடல் (‘கிராண்ட் நேரட்டிவ்’) என்று திறனாய்வாளர்கள் ஏற்கெனவே அதை வேறு பொருளுக்குக் குடியமர்த்திவிட்டார்கள்.

துணைச்சொற்களில் இரண்டே பாக்கி. ‘சிலைடு’ என்பதற்கு ‘படவில்லை’ (படம், வில்லை) என்ற சொல் போதுமானது. சில்லு என்று எழுதுவோர், அது கணினிச் சிப்பையும் குறிப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். படத்தின் காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்துகொள்ளும் ‘ஸ்டோரிபோர்டு’ என்பதற்குக் ‘கட்டக்கதை’ என்று ஒரு நண்பர் தந்திருந்தார். ஓர் உகரம் கூடினால் கட்டுக்கதையாகிவிடும் சொல்லை மதிப்பெண் பதிவேட்டில் எழுத எந்தத் தலைமையாசிரியரும் துணியமாட்டார். எங்கள் பிள்ளைகள் ஒரு தாளை மூன்று முறை மடித்து எட்டுக் கட்டமாக்கி, கட்டத்துக்கு ஒரு படமும் அதன் கீழே சொல்லப்போகும் வரியும் குறித்துக்கொள்கிறார்கள்; அதைக் கட்டத்தாள் என்றே அழைக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன். ஆங்கில வழிகாட்டிகளில் உள்ள சொல்லெண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது ஒரு தொடர். முந்நூறு தமிழ்ச் சொற்களைப் பிள்ளைகள் மூன்று நிமிடத்துக்குள் அடக்க முயன்றால் மூச்சு வாங்க வாசிப்பார்கள், படங்களும் ஓடும். சொல்லை எண்ணாமல், கட்டத்துக்கு இரண்டு வாக்கியம் என்று வரையறுப்பது நன்றாக வேலை செய்கிறது.

ஆகவே குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் குரற்படம், விளக்கக்காட்சி, நிகழ்த்துகை, படவில்லை, கட்டத்தாள் ஆகிய ஐந்தையும் பரிந்துரை நிலையில் சேர்க்குமாறு மட்டுறுத்துநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்போர், தாங்கள் விரும்பும் மாற்றுச்சொல்லை ஒரு பிள்ளை வகுப்பில் சொல்லக்கூடிய முழு வாக்கியத்தில் வைத்து எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.

அன்புடன்,
தூத்துக்குடி மாவட்டத்து ஆசிரியர் ஒருவர்