பாரிஷ் ஏட்டில் கிடைத்த வில்லியம் எங்கள் வில்லியம்தானா? (கார்ன்வால், 1845)

தங்கவயல் பேரன்:

வணக்கம். என் பாட்டியின் தாத்தா இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து கோலார் தங்கவயலுக்கு வந்த சுரங்கத் தொழிலாளி. பெயர் வில்லியம். குடும்பப் பெயரை இங்கே முழுதாகப் போடவில்லை. ‘ட்ரெ’ என்று தொடங்கும் கார்ன்வால் பெயர். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் வேலையைத் தொடங்கிய பிறகு அங்கிருந்து பலர் வந்தார்கள் அல்லவா, அவர்களில் ஒருவர்.

கையில் இருப்பவை இரண்டு தாள்கள். இரண்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மதராஸ் திருச்சபைப் பதிவுகளின் நகல். 1889 திருமணப் பதிவில் தந்தை பெயர் ரிச்சர்ட். 1897 பிப்ரவரி அடக்கப் பதிவில் வயது 52. இவை தவிர, குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் பாட்டியின் அப்பா ‘கேம்போர்ன், கார்ன்வால்’ என்று எழுதிவைத்திருக்கிறார்.

52 வயது என்றால் பிறப்பு 1844 அல்லது 1845. கேம்போர்ன் பாரிஷ் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் வட்டாரம்) ஞானஸ்நான ஏட்டில் 1845இல் அதே பெயரில் ஒரு குழந்தை இருக்கிறது. வம்சாவளி தேடும் ஒரு கட்டணத் தளமும் இந்தக் குழந்தையைத்தான் பரிந்துரைத்தது. அதோடு நில்லாமல் 1600கள் வரை ஏழு தலைமுறையை ஒரே இரவில் கோத்துக் கொடுத்துவிட்டது. ஆனால் இந்தக் குழந்தையின் தந்தை பெயர் தாமஸ். கோலாரில் எழுதியவர் பெயரை மாற்றி எழுதியிருப்பார் என்று அப்போது விட்டுவிட்டேன். இப்போது உறுத்துகிறது.

சேப்பல் ஏடுகளையும், அதாவது ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் ஏடுகளையும் பார்த்தேன். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்.ஜி. 4 தொகுப்பில் 1845க்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் பகுதியில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1837க்கு முன் செய்த திருமணங்கள் எல்லாம் பாரிஷ் தேவாலயத்திலேயே நடந்திருக்கின்றன. ஆகவே சேப்பல்காரர்கள் அல்ல என்று முடிவு செய்தேன். சரிதானா?

ஏடுதின்னி:

இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பதிவுகளில் 1731/2 என்று இரட்டை ஆண்டு இருக்கும். அதைக் கவனித்தீர்களா?

ஓய்வுபெற்ற நூலகர்:

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறீர்கள். அவர் கேட்பது 1845. நூறு ஆண்டு பின்னோக்கிப் போகட்டும், அப்போது உங்களைக் கூப்பிடுவார்.

தங்கவயல் தம்பி, உங்கள் முடிவு தவறு. ஏன் என்று சொல்கிறேன். 1753இல் வந்த ஹார்ட்விக் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குவேக்கர்களையும் யூதர்களையும் தவிர மற்ற எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணம் செய்ய வேண்டும். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் யாராக இருந்தாலும் சட்டப்படி செல்லும் திருமணத்துக்குப் பாரிஷ் பாதிரியாரிடம்தான் போயாக வேண்டும். 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கும் வரை இதே நிலைமை. ஆக, அந்தக் காலத் திருமணப் பதிவைக் கொண்டு ஒரு குடும்பத்தின் சபையைச் சொல்லவே முடியாது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் எங்கே கொடுத்தார்கள் என்பதுதான் சொல்லும். கல்யாணம் தேவாலயத்தில், பிள்ளைகள் சேப்பலில், அடக்கம் மறுபடியும் தேவாலயத் தோட்டத்தில் என்று ஒரே குடும்பம் வெவ்வேறு ஏடுகளில் சிதறிக் கிடக்கும்.

அதிலும் கார்ன்வால்! மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அங்குள்ள குவென்னாப் பள்ளத்தில் மட்டும் 1762 முதல் 1789 வரை பதினெட்டு முறை பிரசங்கித்திருக்கிறார். அங்கே சுரங்கத் தொழிலாளி என்றால் மெதடிஸ்டாக இருக்கலாம் என்று எண்ணியே தேடலைத் தொடங்க வேண்டும்.

ஆர்.ஜி. 4 ஏன் கைவிட்டது என்றால், அது சேப்பல்கள் 1837இலும் அதை ஒட்டியும் அரசிடம் ஒப்படைத்த பழைய ஏடுகள். 1845இல் பிறந்த பிள்ளையை அதில் தேடுவது, போன வருட நாட்காட்டியில் இந்த வருடத் தீபாவளியைத் தேடுவது போல. அதற்குப் பிந்தைய ஏடுகள் அந்தந்த சர்க்கியூட்டில் (பல சேப்பல்கள் சேர்ந்த மெதடிஸ்ட் வட்டாரம்) தங்கி, பின்னர் மாவட்டக் காப்பகத்துக்குப் போயின. கார்ன்வாலுக்கு அது ரெட்ரூத்தில் உள்ள க்ரெசன் கெர்னோ. சர்க்கியூட் ஏடு என்பதையும் மனதில் வையுங்கள்: பல ஊர்ச் சேப்பல்களின் பிள்ளைகள் ஒரே ஏட்டில் வரக்கூடும். உங்கள் ஊர்ப் பெயர் அட்டையில் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. தாமஸின் பிள்ளையைக் கொன்று பார்த்தீர்களா? பயப்பட வேண்டாம், எங்கள் வழக்கம் அப்படி. ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அடுத்த பத்து வருட அடக்க ஏட்டில் அதே பெயரைத் தேட வேண்டும். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று தெரியாமல் அதன் மேல் ஏழு தலைமுறையை ஏற்றக் கூடாது.

தங்கவயல் பேரன்:

அம்மா, கொன்றுவிட்டேன். கேம்போர்ன் அடக்க ஏடு, 1848, வில்லியம், வயது 3. குக்கிராமத்தின் பெயரும் ஞானஸ்நானப் பதிவில் உள்ளதே. ஏழு தலைமுறையும் போயிற்று. ஒன்றரை வருட வேலை.

கிழக்கு லண்டன் வாசி:

வருந்தாதீர்கள், என் மரத்திலும் இரண்டு முறை இப்படிக் கிளை முறிந்திருக்கிறது. இனி ரிச்சர்டைப் பிடியுங்கள். திருமணப் பதிவில் தந்தை பெயரை வில்லியமே சொல்லியிருப்பார். அடக்கப் பதிவில் வயதைச் சொன்னவர் வேறு யாரோ. எந்தத் தாளை நம்புவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1851 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். 1841 கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். பிறந்த ஊரும் இராது. 1851இல்தான் பிறந்த பாரிஷ் வருகிறது. ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கேட்டபடி எழுதியிருப்பார்கள், ‘ட்ரெ’க்குப் பின்னால் எதுவும் வரலாம்.

கிடைத்ததும் அரசுப் பதிவு அலுவலகத்தின் பிறப்பு அட்டவணைக்குப் போங்கள். அவர்களுடைய இணைய அட்டவணையில் 1837இலிருந்தே தாயின் கன்னிப் பெயர் இருக்கிறது. பாரிஷ் ஞானஸ்நான ஏட்டில் அது கிடைக்காது: 1813 முதல் வந்த அச்சுப் படிவத்தில் தாயின் பெயருக்கு இடமுண்டு, கன்னிப் பெயருக்குக் கட்டமே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: 1875க்கு முன் பதிவாகாமல் போன பிறப்புகளும் உண்டு.

தங்கவயல் பேரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன்.

1851 கணக்கில் கேம்போர்னில் ஒரு ரிச்சர்ட், செம்புச் சுரங்கத் தொழிலாளி. மகன் வில்லியம், வயது 7. பிறந்த இடம் கேம்போர்ன் அல்ல, குவென்னாப்! பைபிளில் எழுதியிருந்தது அவர் வளர்ந்த ஊர்தான். பிறப்பு அட்டவணையில் ரெட்ரூத் மாவட்டம், 1843 கடைசிக் காலாண்டு. இறந்தபோது 53 ஆகியிருக்க வேண்டும். ஒரு வயது குறைத்து எழுதிவிட்டார்கள்.

தாயின் கன்னிப் பெயரை வைத்துப் பின்னால் போனால் 1834இல் குவென்னாப் பாரிஷ் தேவாலயத்தில் திருமணம். இருவரும் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டிருக்கிறார்கள். 1836இல் பிறந்த மூத்த பெண்ணின் ஞானஸ்நானம் வெஸ்லியன் ஏட்டில், அதுவும் நான் சபித்த அதே ஆர்.ஜி. 4இல். வில்லியமுடையதற்குக் காப்பகத்துக்கு எழுதினேன். சர்க்கியூட் ஏட்டில் 1844 ஜனவரியில் இருக்கிறது. தந்தை ரிச்சர்ட், தாய் பெயரும் பொருந்துகிறது.

நூலகர் அம்மாவுக்கும் லண்டன் ஐயாவுக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 1889 திருமணப் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, வில்லியம் பெயருக்குப் பக்கத்தில் ‘மனைவியை இழந்தவர்’ என்று இருக்கிறது. இதை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் இப்படி ஒரு பேச்சே எடுத்ததில்லை.

ஓய்வுபெற்ற நூலகர்:

அப்படியானால் கார்ன்வாலில் உங்களுக்கு இன்னொரு பாட்டி இருந்திருக்கலாம், பிள்ளைகளும் இருக்கலாம். 1871 கணக்கில் வில்லியம் யாரோடு இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். இந்த முறை திருமணம் தேவாலயம், சேப்பல், பதிவு அலுவலகம் என மூன்றில் எங்கும் நடந்திருக்கலாம், 1837க்குப் பிறகு சட்டம் இடம் கொடுத்துவிட்டது. ஆகவே அரசுத் திருமண அட்டவணையில் தொடங்குங்கள். புது இழையாகப் போடுங்கள் தம்பி, இது நீளும்.

ஏடுதின்னி:

1752ஐ எட்டியதும் சொல்லுங்கள்.