புதுப்பிப்பு: ஏசி அறையும் தகரக் கூரையும்

மண்ணடியில் நான் வேலை செய்யும் சரக்கு அலுவலகத்தில் மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் மட்டும் ஏசி. ரசீது போடும் நாங்களும் எடை பார்க்கும் அண்ணன்களும் தகரக் கூரையின் கீழ் வேகிறோம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அந்த ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலில்தான் அனலைக் கக்குகிறது என்பதையும் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை ஆறு பேராகப் போய்ப் பேசினோம். வியர்வை சொட்டி எழுத்து கலைந்த ரசீதுப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தோம். மேலாளர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஓர் ஏர்கூலர் வந்தது.

நல்ல மனத்தோடுதான் வாங்கினார். ஆனால் நீர் ஆவியானால்தான் ஏர்கூலர் குளிர்ச்சி தரும். துறைமுகத்தை ஒட்டிய இந்தப் புழுக்கத்தில் அது எங்கே ஆவியாவது? மாலைக்குள் ரசீதுத் தாள்கள் நமுத்துப்போயின.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-லேயே அறிவித்துவிட்டது. அதைச் சொல்லி மறுபடியும் கேட்டோம். நேற்று வெளிப்பெட்டியை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை எங்கள் மேசைகள் கணக்குப் பிரிவில் இருக்கும். எடை பார்க்கும் அண்ணன்களுக்கு இன்னும் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர்களையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.